வெள்ளெழுத்து: கருவிழிக்குள் வளையமா, மூக்கின் மேல் கண்ணாடியா?

நாற்பதைத் தாண்டினால் மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படிக்கக் கை தானாக நீள்கிறது. வாசிப்புக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். தேடும்போது அது நெற்றியில்தான் இருக்கும், அது வேறு கதை.

இன்னொரு வழியும் வந்தது: கருவிழிக்குள்ளேயே, அதாவது கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்துக்குள், ஒரு சின்னப் பதியத்தை வைப்பது. 2015இல் அமெரிக்கா அனுமதித்த காம்ரா, 3.8 மி.மீ. அகலமுள்ள மெல்லிய கறுப்பு வளையம், நடுவே 1.6 மி.மீ. துளை. விரலைச் சுருட்டி, அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் படித்துப் பாருங்கள். எழுத்து தெளியும். அதே தந்திரம்தான். ஒரு கண்ணில் மட்டும் வைத்தார்கள். தூரப் பார்வையை மற்ற கண் கவனித்துக்கொள்ளும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துளை சிறிதென்றால் உள்ளே போகும் வெளிச்சமும் குறைவு. இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம், கண் உலரலாம். 2016இல் அனுமதி பெற்ற ரெயின்ட்ராப் என்ற இன்னொரு பதியம், கருவிழியை மங்கலாக்கும் அபாயத்தால் 2018இல் திரும்பப் பெறப்பட்டது. பதியத்தை எடுத்துவிடலாம், எடுத்த பிறகும் சிலருக்கு மங்கல் போவதில்லை.

கண்ணாடியில் பவர் மாறினால் வேறு வாங்கலாம், அவ்வளவுதான். என் ஓட்டு அதற்கே, நெற்றியில் தேட வேண்டியிருந்தாலும்.