வெளியூரிலிருந்து வீட்டு நாஸ்: நீண்ட நாள் ஓட்டத்தில் எது தாங்குகிறது, எது தடுக்கிறது

வீட்டு நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டியான நாஸில் சேர்த்து வைத்த வீடியோ வீட்டுக்குள் தங்குதடையின்றி ஓடும். வெளியூர் போனதும் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். ராம் கூட்டலாமா, புது மாடல் வாங்கலாமா என்று யோசிக்கும் முன் கோப்பின் பிட்ரேட்டையும் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா) வீட்டு இணைப்பின் அப்லோடு வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜிபி அளவை 8000-ஆல் பெருக்கி, ஓடும் நேரத்தின் நொடிகளால் வகுத்தால் சராசரி பிட்ரேட் எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) வந்துவிடும். 2 மணி நேரம் ஓடும் 27 ஜிபி படத்துக்கு 30. அப்லோடு 20 தான் என்றால் அந்தக் கோப்பு அப்படியே வெளியே போக வழியில்லை. மழை, அலை, கூட்டம் வரும் காட்சிகளில் பிட்ரேட் சராசரியைவிட வெகுவாக ஏறும் என்பதால் 30-க்கு 30 இருந்தாலும் திக்கும். நாஸிலிருந்து வீடியோவை அனுப்பும் சர்வர் மென்பொருளான ஜெல்லிஃபினிலோ பிளெக்ஸிலோ வெளி இணைப்புக்கான வரம்பை அப்லோடின் 70 சதவீதத்தில் வைப்பது நல்லது. முழுவதையும் வீடியோவே எடுத்துக்கொண்டால் வீட்டில் இருப்பவரின் வீடியோ கால் அறுந்துபோகும்.

வரம்பைத் தாண்டிய கோப்பை, படம் ஓடும்போதே சர்வர் சுருக்கியாக வேண்டும். குயிக் சிங்க் (வீடியோ வேலைக்கென்றே உள்ள பகுதி) உள்ள இன்டெல் சிப் இதை அலட்டாமல் செய்யும். அது இல்லாத பெட்டியில் 4கே படம் போட்டால் சிபியு 100 சதவீதத்தில் போய் நிற்கும். சர்வரை டாக்கரில் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் ஓட்டும் முறை) ஓட்டுபவர்கள் கிராபிக்ஸ் சாதனத்தைக் கண்டெய்னருக்குள் கொடுக்க மறக்கக் கூடாது. செட்டிங்ஸில் டிக் போட்டால் மட்டும் போதாது.

பலரும் கவனிக்காத இடம் சப்டைட்டில். புளூரேயில் வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்தல்ல, படம். அதைக் காட்டத் தெரியாத ஆப்பில் ஆன் செய்தால், சர்வர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதைப் பதித்து மொத்த வீடியோவையும் மறுபடி என்கோடு செய்யும். சப்டைட்டில் இல்லாமல் நன்றாக ஓடிய படம் அதைப் போட்டதும் முடங்குவது இதனால்தான். ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் முறை) மூலம் எஸ்ஆர்டி என்ற எழுத்துக் கோப்பாக ஆக்கி, படத்தின் பெயரிலேயே பக்கத்தில் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

பழைய மினிடிவி (MiniDV) கேம்கார்டர் கேசட்டிலிருந்து எடுத்த குடும்ப வீடியோக்களுக்குத் தனிக் கவனிப்பு தேவை. அவற்றுக்கு வேறு பிரதி கிடைக்காது. ஒரு மணி நேரம் சுமார் 13 ஜிபி, இன்டர்லேஸ் படம் (ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்துப் பதிந்தது), பிரவுசருக்குப் புரியாத கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை). அசலைத் தொடாமல், சர்வர் ஸ்கேன் செய்யாத தனி ஃபோல்டரில் வையுங்கள். பார்ப்பதற்கு பிரவுசருக்குப் புரியும் எச்.264 கோடெக்கில் பிரதி ஒன்று செய்யுங்கள். டீஇன்டர்லேஸ் செய்யும்போது (பிரிந்த வரிகளை முழுப் படமாக்கும்போது) பால் (PAL) என்ற டிவி முறைக் கேசட்டை நொடிக்கு 25 ஃபிரேமாக வெட்டாமல் 50 ஆக விரித்தால், ஓடும் குழந்தையின் கை கால் அசைவு அசலில் இருந்த வழுவழுப்போடு வரும். இதற்கு 5 எம்பிபிஎஸ் தாராளம்.

இனி இணைப்பு. ரவுட்டரின் வேன் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பலருக்குப் பகிர்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் நாஸுக்குத் திருப்புவது) பலிக்காது. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் வேலை செய்யும், ஆனால் அதன் ஸ்டேட்டஸில் ‘ரிலே’ (இடையில் வேறொரு சர்வர் வழியாக) என்று வந்தால் வேகம் குறைவாகவே இருக்கும், ‘டைரக்ட்’ என்று வர வேண்டும். நாஸின் நிர்வாகப் பக்கத்தை மட்டும் இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம். 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பூட்டியது அப்படித் திறந்து கிடந்த பெட்டிகளைத்தான்.

வயர்கார்டு என்ற விபிஎன் வழியாகப் பார்க்கும்போது போஸ்டர்கள் வந்து, வீடியோ மட்டும் நின்றுபோனால், ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியுவைச் சந்தேகியுங்கள். வழக்கமான 1420-ஐ 1280 ஆக்கிப் பாருங்கள். ஓடிவிட்டால் காரணம் அதுவே.

முதல் முறை பிளே அழுத்தியதும் பத்து நொடி தாமதித்தால் ஹார்டு டிஸ்க் தூக்கத்திலிருந்து எழுகிறது என்று பொருள். சில டிவி ஆப்கள் அதுவரை பொறுக்காமல் பிழை காட்டும். இரண்டாம் முறை அழுத்தினால் ஓடும். சர்வரின் டேட்டாபேஸையும் போஸ்டர்களையும் எஸ்எஸ்டிக்கு மாற்றினால், பட்டியலைப் புரட்டுவதற்காக டிஸ்க்கை எழுப்ப வேண்டியிராது.