தூள் உப்பா, இந்துப்பா, சோடியம் குறைந்த உப்பா?

மளிகைக் கடையில் இப்போது மூன்று விதமான உப்பு பாக்கெட் கிடைக்கிறது. எதை வாங்குவது என்பதை நாக்கைவிட சிறுநீரகத்தை வைத்து முடிவு செய்வதுதான் சரி.

இந்துப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நிறமும் விலையும்தான் வேறு. சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்வது அதே சோடியம் குளோரைடு. மற்ற தாதுக்கள் சொற்பம். அயோடின் சேர்க்காத பாக்கெட் என்றால் தைராய்டுக்கும் நல்லதில்லை. பிரஷருக்கு நல்லது என்று நம்பிக் கூடுதலாக அள்ளிப் போடுகிறார்களே, அதுதான் எனக்குக் கவலை.

தூள் உப்புக்கு வருவோம். சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதிலுள்ள சோடியத்தில் 99 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. உப்பைக் குறைத்தால், சோடியத்தைச் சேமிக்கச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். சில நாட்களிலேயே சிறுநீரில் சோடியம் போவது அநேகமாக நின்றுவிடும். ஆனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று ஒரே நாளில் ஏற்றினால் அதை வெளியேற்றிச் சமன்செய்ய சில நாள் பிடிக்கும். அதுவரை உடம்பில் நீர் தேங்கும். உப்பு கூடினால் பிரஷர் ஏறும் என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது.

சோடியம் குறைந்த உப்பில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் விஷயத்தில் சிறுநீரகம் நேர் எதிர்: சோடியத்தைப் போல முழுதாகச் சேமிக்கத் தெரியாது, வெளியேற்றுவதில் வேகம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வேலை தொடங்கிவிடும். பொட்டாசியம் ஏறும்போது, சிறுநீரக நுண்குழாயின் கடைப்பகுதியில் சோடியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் அடங்கிப்போகிறது; சோடியமும் சேர்ந்து வெளியேறுகிறது. ஒரே பாக்கெட்டில் இரட்டை லாபம். சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

ஆனால் அந்த ஆய்வில் கடுமையான சிறுநீரக நோயாளிகளைச் சேர்க்கவில்லை. நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் வெளியேறுவது சிறுநீர் வழியாகத்தான். அந்த வழி அடைபட்டால் ரத்தத்தில் தேங்கும், இதயத் துடிப்பே தடுமாறும். பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் ஏறலாம். பல வருஷமாகச் சர்க்கரை இருந்தால் முதலில் ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் என்றால் பொதுவான சாம்பாரில் இதைப் போடவே வேண்டாம். தூள் உப்பையே குறைத்துப் போடுங்கள்.