வெளிநாட்டுல கல்யாணம் முடிச்சிட்டு ஊர்ல தாலி கட்டுறவங்களுக்கு: கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கத்து மண்டபம், 3.5/5

அக்காவுக்கு டென்மார்க்ல சிவில் மேரேஜ் ஆயிடுச்சு, மாமா ஜெர்மன்காரரு, ஆனா அம்மா தாலி கட்டினாத்தான் கல்யாணம்னு ஒரே பிடி. கிறிஸ்துமஸ் லீவ்ல வெச்சுக்கலாம்னு அவங்க சொல்ல, இங்க அது மார்கழி ஆச்சே, முகூர்த்தமே கிடையாது, அப்புறம் தை பொறந்தப்புறம்தான் டேட் போட்டோம். லீவ் கேக்குறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்கப்பா.

மண்டபம் நல்லா பெருசு, பார்க்கிங் தாராளம், பெங்களூர் ஏர்போர்ட்ல எறங்கி கார்லயே வந்துடலாம்ங்கறதால அவங்க சொந்தக்காரங்களுக்கு அலைச்சல் இல்ல. மேனேஜர் அண்ணன் வீடியோ கால்லயே மேடை, டைனிங் ஹால், பாத்ரூம் கொழா வரைக்கும் தொறந்து காட்டுனாரு, அது எனக்கு ரொம்ப பிடிச்சது.

சமையல்தான் ஹைலைட். முதல் நாள் நைட்டு ராகி களி, கீரை கடைசல் போடுங்கன்னு கேட்டதுக்கு மாஸ்டர் சிரிச்சாரு, கல்யாணத்துல யாரு தம்பி களி சாப்புடுவாங்கன்னு. கடைசில பார்த்தா மாமாவோட அப்பா உருண்டைய பிட்டு, மெல்லாம முழுங்கணும்னு எங்க பெரியப்பா சொல்லிக்குடுக்க, ரெண்டாவது உருண்டை கேட்டு வாங்குனாரு, பாயசத்தைத் தொடவே இல்ல!

கொறைன்னா பில்லுதான். ஜெனரேட்டர் டீசல், க்ளீனிங் எல்லாம் வாடகையில சேராதுன்னு கணக்கு முடிக்கிறப்பதான் சொல்றாங்க. ஒன்றரை ஸ்டார் அதுக்குத்தான் கட். அட்வான்ஸ் குடுக்கும்போதே எது எது தனின்னு எழுதி வாங்கிடுங்க. ரூம்ல ஹீட்டரும் ஓடுதான்னு செக் பண்ணிக்கோங்க, தை மாச காலையில இங்க தண்ணி ஜில்லுன்னு இருக்கும்.