வால்பேப்பர் உரிக்க செயலியில ஆள் கூப்பிடறவங்க இதைப் படிச்சுட்டுக் கூப்பிடுங்க. 18,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுச்சுன்னா எழுத மாட்டேன், அதனால இப்பவே எழுதிடறேன். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பற ஒரு செயலி. பேர் போடலை, போட்டா பதிவையே தூக்கிடுவாங்க. 18,500 ரூபாய் வாங்கிட்டு எங்கூட்டுச் செவுத்தை நாசம் பண்ணி வெச்சிருக்காங்க.

சரவணம்பட்டிப் பக்கம் வீடு. ஹாலுக்கும் பசங்க ரூமுக்கும் நடுவுல இருக்கறது செங்கல் செவுரு இல்லீங்க, ஜிப்சம் போர்டு தடுப்பு. 14 அடி நீளம், ரெண்டு பக்கமும் வால்பேப்பர். முன்ன குடியிருந்தவங்க ஒட்டினது. மழைக்காலத்துச் சாரல்ல ஜன்னலோரம் பூஞ்சை புடிச்சு, ஓரமெல்லாம் எந்திரிச்சு நின்னுச்சு. தை நோம்பிக்குள்ள உரிச்சு, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சரலாம்னு புக் பண்ணினோம்.

பார்க்க வந்த ஆளைப் பத்திச் சொல்லியே ஆகோணும். செருப்பை வெளிய விட்டுட்டு வந்தாரு. விரல் முட்டியால செவுத்தைத் தட்டினாரு. "அக்கா, இது போர்டுங்க. தண்ணிய ஊத்திச் சுரண்டுனா மேல இருக்கற காகிதமும் ஒட்டுக்கா வந்துரும். பக்குவமா எடுக்கோணும்"னாரு. ஒரு மூலையில நகத்தால மெதுவா உரிச்சு, உள்ள பழுப்பு நிறத்துல தெரிஞ்சதைக் காட்டி, "பாருங்க, இதைத்தான் காப்பாத்தோணும்"னாரு. கோபிப் பக்கம் ஊருன்னாரு. எங்கம்மா ஊரும் அங்கதான். மோரு குடுத்தேன், உக்காந்து நாயம் பேசிட்டுக் குடிச்சாரு. "பணம் முழுசும் செயலியிலயே கட்டிருங்க அக்கா, அப்பத்தான் வாரன்டி வரும். நான் கூடவே நின்னு பார்த்துக்கறேன்"னாரு. அவ்வளவு தெரிஞ்ச ஆளு சொல்றப்ப யாரா இருந்தாலும் கட்டத்தான் கட்டுவாங்க. கட்டினோம், 18,500 ரூபாய்.

வேலை அன்னிக்கு அந்த ஆளு வரவே இல்லை. ரெண்டு பசங்க வந்தாங்க. காத்தால வேற ஒரு வீட்டுல பாத்ரூம் கழுவிட்டு வந்ததா அவங்களே சொன்னாங்க. அந்தப் பசங்களைச் சொல்லி என்ன பண்றது, அனுப்பி விட்டவனைச் சொல்லோணும். பக்கெட் தண்ணிய வெச்சு செவுரு பூராவும் நனைச்சு, இரும்புத் தகடால சரசரன்னு இழுத்தாங்க. வால்பேப்பரோட போர்டு மேல இருந்த காகிதமும் பட்டை பட்டையா வந்துச்சு. சில எடத்துல பழுப்புக் காகிதம் நூல் நூலாத் தொங்குது, சில எடத்துல அதுவும் போயி வெள்ளை மாவு கொட்டுது. "தம்பி, இதைத்தான் காப்பாத்தோணும்னு உங்க ஆளு சொன்னாரு"ன்னேன். "பட்டி போட்டா மறைஞ்சுரும் அக்கா"ன்னாங்க. ஈரம் கூட காயலை, வெளிச் செவுத்துக்குப் போடற சிமென்ட் பட்டியைக் குழைச்சு மேல இழுத்துட்டாங்க. சாயங்காலம் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. "மேல வேலை ஆரம்பிக்கோணும்னா ஓடிபி வேணும் அக்கா"ன்னு கேட்டு வாங்கிட்டாங்க. அது வேலை முடிஞ்சதுன்னு கணக்கை மூடற ஓடிபின்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

பெயின்ட் அடிச்சுட்டுப் போன மறுநாள் காத்தால பார்த்தா செவுரு பூராவும் குழிப்பணியாரத்தைக் கவுத்து வெச்சாப்புல கொப்புளம். விரல் வெச்சு அழுத்தினா உள்ள போயிட்டுத் திரும்ப வருது. ஒண்ணைக் கிள்ளினேன். பெயின்ட், பட்டி, அதுக்கடியில ஈரக் காகிதம், மூணும் ஒட்டுக்கா ஏடு ஏடா வருது.

அதுக்கப்பறம் நடந்த கூத்துதான் பெரிசு. செயலியில ஆளே இல்லை, எழுதினா எழுதினா "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு ஒரே பதில். ஒருவழியா ஒரு பொண்ணு ஃபோன்ல வந்துச்சு. "மேடம், நீங்கதானே ஓடிபி குடுத்தீங்க, திருப்தின்னுதானே அர்த்தம்"னுச்சு. அடுத்து ஒரு ஆளை அனுப்பினாங்க, ஃபோட்டோ எடுத்துட்டுப் போனாரு. "செவுத்துல ஏற்கனவே ஈரம் இருக்கு, வாரன்டி பெயின்ட்டுக்கு மட்டுந்தான்"னு மெசேஜ் வந்துச்சு. அந்த ஈரத்தைப் பக்கெட்ல கொண்டாந்து ஊத்தினதே உங்க ஆளுங்கதானேன்னு எழுதினேன். புகாரையே மூடிட்டாங்க. கோபிக்காரரு ஃபோனை எடுக்கறதில்லை. கடைசியா, நீங்க நம்ப மாட்டீங்க, அடுத்த தடவை பாத்ரூம் கழுவறதுக்கு 500 ரூபாய் கூப்பன் அனுப்பிச்சாங்க. 18,500 ரூபாய்க்கு 500 ரூபாய் கூப்பன்! அதுக்கும் காலாவதித் தேதி வேற.

எங்க தெருவுல ஃபால்ஸ் சீலிங் வேலை பார்க்கற அண்ணன் ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததுமே தலையில கை வெச்சாரு. இந்தப் போர்டுக்கு பலமே ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கற காகிதந்தானுங்களாம், நடுவுல இருக்கறது வெறும் ஜிப்சம். காகிதம் கிழிஞ்ச எடத்துல நேரா பட்டி போட்டா, பட்டியில இருக்கற தண்ணிய அந்தப் பழுப்புக் காகிதம் உறிஞ்சி உப்பிக்கும். அதனால முதல்ல நல்லாக் காய விடோணும். தொங்கறதை எல்லாம் பிளேடால சுத்தமா அறுத்து எடுத்துட்டு, ஓரத்தை உப்புத்தாள் போட்டு லேசாத் தேய்க்கோணும். அப்பறம் டர்பன்டைன் கலக்கற ஆயில் பிரைமரை அடிச்சு அந்தக் காகிதத்தை அடைக்கோணும். அது காஞ்ச பின்னாடிதான் பட்டி, அதுவும் போர்டுக்குன்னே வர்ற ஜாயின்ட் கம்பவுண்ட், மெல்லிசா ரெண்டு கை. வால்பேப்பர் பசை மிச்சம் இருந்தாலும் பெயின்ட் நிக்காதாம், ஸ்பான்ஜை வெதுவெதுப்பான தண்ணியில முக்கிப் பிழிஞ்சு துடைச்சு எடுக்கோணும். ஒட்டறப்பவே போர்டுக்கு பிரைமர் அடிச்சிருந்தா இவ்வளவு பாடு இல்லை, வால்பேப்பர் தனியா உரிஞ்சு வந்திருக்கும்னாரு. ஜன்னலோரம் ரெண்டு எடத்துல மாவு ஊறிப் போச்சு, அங்க போர்டையே வெட்டி மாத்தோணும்ங்கறாரு. அந்தச் செலவு தனி.

இனி என்ன பண்ணோணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது. சுருக்கமாச் சொல்றேன். பழுப்புக் காகிதம் கிழிஞ்சா மேல என்ன அடிப்பீங்கன்னு கேளுங்க. "பட்டி"ன்னு சொன்னா அப்படியே வெளிய அனுப்பிருங்க. பார்க்க வர்ற ஆளேதான் வேலைக்கும் வருவாரான்னு எழுத்துல வாங்குங்க. எந்த ஓடிபி கேட்டாலும் அந்த மெசேஜை முழுசாப் படிங்க. உரிக்கறப்பவே வீடியோ எடுத்து வைங்க, அது ஒண்ணுதான் இப்ப என் கையில இருக்கற சாட்சி.

நுகர்வோர் உதவி எண் 1915, புகார் பதிஞ்சாச்சு. அங்க தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறோம். 5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமயே போடலாம். 500 ரூபாய் கூப்பனையும் பிரிண்ட் எடுத்துச் சேர்த்து வெச்சிருக்கேன். கோயமுத்தூர்ல வேற யாருக்காச்சும் இப்படி ஆயிருந்தா கீழ எழுதுங்க, ஒட்டுக்காப் போட்டா கொஞ்சம் பயப்படுவாங்க.