ஹார்ட்ஸ் தொகுப்பு: கடைசி ஏட்டிலிருந்து படியுங்கள்

தொற்றா நோய்த் தடுப்புக்குத் திட்டம் போட உட்காரும் குழுவுக்கு இன்று கிடைக்கும் கருவிகளில், எடுத்த மாத்திரத்தில் வேலைக்கு ஆகக்கூடியது உலக சுகாதார நிறுவனத்தின் ஹார்ட்ஸ் (HEARTS) தொகுப்பு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதய, ரத்தநாள நோய்களைச் சமாளிக்கும் வழிமுறைகளின் தொகுப்பு இது. 2016இல் தொடங்கிய உலகளாவிய இதய நல முயற்சியோடு வந்தது. இணையத்தில் விலையில்லாமல் கிடைக்கிறது. பெயரில் உள்ள ஆறு ஆங்கில எழுத்துகளுக்கு ஆறு ஏடுகள்: வாழ்க்கைமுறை ஆலோசனை, சிகிச்சை நெறிமுறை, மருந்தும் கருவியும் கிடைக்கச் செய்தல், இதய நோய் ஆபத்துக் கணிப்பு, குழுவாகப் பணி செய்தல், கண்காணிப்பு. 2020இல் சர்க்கரை நோய்க்கெனத் தனி ஏடு ஒன்றும் சேர்ந்தது.

இதன் பெரிய பலம், குறியைச் சுருக்கிக்கொண்டது. வழக்கமான 'மூலோபாயத் திட்டங்கள்' எல்லா நோய்களையும் எல்லா ஆபத்துக் காரணிகளையும் அட்டவணையில் போட்டு, நாற்பது ஐம்பது செயல்பாடுகளை எழுதி வைக்கும். ஆண்டு முடிவில் எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஹார்ட்ஸ் முதலில் ரத்த அழுத்தத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 2019 மதிப்பீட்டின்படி உலகில் 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வைத்திருப்பவர் ஐந்தில் ஒருவர்தான். கண்டுபிடிக்கும் கருவி மலிவு, மருந்து மலிவு, பலன் ஆறு மாதத்தில் எண்ணாகத் தெரிந்துவிடும். ஒரு சுகாதார அமைப்பு உண்மையில் இயங்குகிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் ஏடுகளை அச்சிட்ட வரிசையில் படிக்கத் தொடங்கும் குழுக்கள் பெரும்பாலும் முதல் ஏட்டிலேயே நின்றுவிடும். ஆலோசனைப் பயிற்சி, சுவரொட்டி, துண்டுப் பிரசுரம் என்று ஓராண்டு ஓடிவிடும். கடைசி ஏடான கண்காணிப்பிலிருந்து தொடங்கி, பிறகு மருந்து, பிறகு நெறிமுறை என்று பின்னோக்கி வாருங்கள். மற்ற மூன்றும் அதற்குப் பின்னால் வரலாம்.

கண்காணிப்பு ஏடுதான் தொகுப்பின் உயிர். அது கேட்கும் முதன்மை அளவீடு ஒன்றே: ஒரு காலாண்டில் சிகிச்சைக்குப் பதிவானவர்களில், ஆறு மாதம் கழித்து ரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே இருப்பவர்கள் எத்தனை சதவீதம்? இங்கே வகுக்கும் எண்ணைத் தொடக்கூடாது. ஒரு காலாண்டில் 200 பேர் பதிவானார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் 100 பேர் திரும்பி வந்தார்கள், அவர்களில் 70 பேருக்கு அழுத்தம் கட்டுக்குள். 'வந்தவர்களில் 70 சதவீதம்' என்று அறிக்கை எழுதுவது எளிது, மேலதிகாரிக்கும் பிடிக்கும். உண்மையான விடை 35 சதவீதம். வராத 100 பேரும் தோல்விக் கணக்கில்தான் சேர வேண்டும்.

அந்த 200 பேரையும் மூன்று கூறாகப் பிரித்துப் பார்த்தால் அடுத்த காலாண்டுக்கான திட்டம் தானே எழுதிக்கொள்ளும். கட்டுக்குள் 70, வந்தும் கட்டுக்குள் வராதவர் 30, வராதவர் 100. இந்தச் சுகாதார நிலையத்தில் சிக்கல் மருத்துவரின் சிகிச்சை முடிவில் இல்லை. ஆட்கள் நின்றுபோவதில் இருக்கிறது. மறுவருகைத் தேதி தவறியவர்களின் பட்டியலை வாராவாரம் எடுத்துத் தொலைபேசியில் கூப்பிட ஓர் ஆளை நியமிப்பதே முதல் வேலை. எண்கள் 70, 100, 30 என்று மாறியிருந்தால் கதையே வேறு: மக்கள் வருகிறார்கள், அழுத்தம் கூடுதலாகவே இருக்கிறது, மருந்தின் அளவை யாரும் உயர்த்தவில்லை. 'அடுத்த தடவை பார்க்கலாம்' என்று பழைய சீட்டையே திரும்ப எழுதும் பழக்கம் அது. அதை உடைக்கத்தான் நெறிமுறை ஏடு.

இன்னொரு அளவீடு, மொத்த மக்கள்தொகையில் உயர் ரத்த அழுத்தம் உள்ளோர் என மதிப்பிடப்பட்டவர்களில் எத்தனை பேர் கட்டுக்குள் இருக்கிறார்கள் என்பது. முதல் அளவீடு நன்றாக இருந்து இது தாழ்ந்திருந்தால், நிலையத்துக்கு வந்தவர்களை நன்றாகப் பார்க்கிறீர்கள், வெளியே இருப்பவர்களை எட்டவில்லை என்று பொருள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 'இத்தனை ஆயிரம் பேரைப் பரிசோதித்தோம்' என்ற எண்ணுக்கு இந்த ஏடு தலைமை இடம் தரவில்லை. அது மிகச் சரியான முடிவு. சிகிச்சையில் சேராத பரிசோதனை யாருடைய பக்கவாதத்தையும் தடுப்பதில்லை.

மருந்து ஏடு வறட்சியாக எழுதப்பட்டது; ஆனாலும் திட்டம் தோற்பதற்கு மருந்துத் தட்டுப்பாட்டைப் போல வேறு காரணம் இல்லை, ஆகவே பொறுமையாகப் படிக்க வேண்டும். கணக்கை ஒரு மாதிரி எண்ணில் போட்டுப் பாருங்கள். மக்கள்தொகை 1 லட்சம், 30 வயதைத் தாண்டியவர் 50,000, அவர்களில் 30 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று கொண்டால் 15,000 பேர். முதல் ஆண்டு இலக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, 3,000 பேர். அம்லோடிபின் 5 மி.கி., டெல்மிசார்டன் 40 மி.கி. என்று இரண்டே ரத்த அழுத்த மாத்திரைகளை வாங்குவதாக வைப்போம். பாதிப் பேர் சிகிச்சையின் முதல் படியில், ஒரு அம்லோடிபின் மட்டும்: 1,500. பத்தில் மூன்று பேர் இரண்டாம் படியில், இரண்டிலும் ஒவ்வொன்று: 900. மீதி 600 பேர் மூன்றாம் படியில், இரண்டிலும் இரட்டை அளவு. ஒரு நாளைக்கு அம்லோடிபின் 3,600, டெல்மிசார்டன் 2,100. 30 நாளுக்கு முறையே 1,08,000, 63,000. மூன்று மாதக் கையிருப்பு வேண்டுமென்றால் மூன்றால் பெருக்குங்கள்.

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு விரிவாகப் போட வேண்டும் என்றால், பெரும்பாலான கொள்முதல் பிரிவுகள் 'போன ஆண்டு செலவான அளவு' என்பதை வைத்தே அடுத்த ஆண்டுக்கு வாங்குகின்றன. போன ஆண்டு நான்கு மாதம் மருந்தே இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் செலவு எண் தாழ்வாகத்தான் இருக்கும். அதை நம்பி வாங்கினால் இந்த ஆண்டும் தட்டுப்பாடு உறுதி. நோயாளி எண்ணிக்கையிலிருந்து கணக்கிடும் முறைக்கு மாறாத வரை இந்தச் சுழல் அறுபடாது. ஒரே மருந்தில் மூன்று நான்கு அளவுகளில் மாத்திரைகளை வாங்கிக் குவிப்பதும் வேண்டாத வேலை, 10 மி.கி. வேண்டுவோருக்கு 5 மி.கி. இரண்டு கொடுத்தால் போதும், கிடங்கில் ஒரே பெட்டி.

நெறிமுறை ஏட்டில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் கழித்து அடுத்த படி என்று ஒரே பக்கத்தில் வருகிறது. இதுதான் அழகு. எந்த மருத்துவர் வந்தாலும் ஒரே வழி. எவ்வளவு மருந்து தேவை என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதும் இதனால்தான். ஒரு குறை உண்டு: ஏடு 2018இல் வந்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனமே வெளியிட்ட உயர் ரத்த அழுத்த வழிகாட்டுதல், தொடக்கத்திலேயே இரு மருந்துகளைச் சேர்த்து, முடிந்தால் ஒரே மாத்திரையாகக் கொடுப்பதைப் பரிந்துரைக்கிறது. இத்தகைய கூட்டு மாத்திரைகள் 2019இலேயே அந்த நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டன. பழைய நெறிமுறையை அப்படியே நகலெடுக்காமல், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து உங்கள் பக்கத்தை எழுதுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கும் டெல்மிசார்டன் வகை மருந்துகள் கூடாது என்ற வரி அந்தப் பக்கத்திலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பின்னிணைப்பில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எல்லாக் கணக்கும் கடைசியில் பி.பி. பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் நிற்கிறது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில், கை நெஞ்சின் உயரத்தில், பேச்சு கூடாது, சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் பொய்யாகக் கூடிக் காட்டும். அளவுகளில் பாதிக்கு மேல் பூஜ்யத்தில் முடிந்தால் யாரோ தோராயமாக எழுதுகிறார்கள். 138/88 என்ற எண் அளவுக்கு மீறி அடிக்கடி வந்தால் இலக்குக்காக எழுதுகிறார்கள். முறையாகச் சோதித்து ஏற்கப்பட்ட தானியங்கிக் கருவியும் இரண்டு அளவுப் பட்டைகளும் வாங்குவதே இதற்கு மருந்து. இந்தச் செலவில் கை வைக்காதீர்கள்.

ஆபத்துக் கணிப்பு ஏடு பயனுள்ளது, தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். 2019இல் புதுப்பித்த கணிப்பு அட்டவணைகள் உலகை 21 பகுதிகளாகப் பிரிக்கின்றன. 40 முதல் 74 வயது வரையானவருக்கு அடுத்த 10 ஆண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைச் சொல்கின்றன. ஆய்வக வசதி இருந்தால் கொலஸ்டிராலும் சர்க்கரை நோயும் சேரும். இல்லையென்றால் உடல் எடைக் குறியீடு போதும். வேறு பகுதியின் அட்டவணையை எடுத்துவைத்துப் பார்ப்பதும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்குக் கணிப்பு போடுவதும் அடிக்கடி நேரும் பிழைகள். அதைவிட மோசமானது, 160/100 உள்ளவரை 'ஆபத்து குறைவு' என்று மருந்தில்லாமல் அனுப்புவது. ஆபத்துக் கணிப்புக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக்கூடாது என்று 2021 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

குழுப் பணி ஏட்டின் சாரம் எளிது: கட்டுக்குள் உள்ளவரைச் செவிலியர் பார்க்கட்டும், மருந்து தொடங்கவும் மாற்றவும் மருத்துவர். முன்சொன்ன 3,000 பேரும் மாதாமாதம் வந்தால், 25 வேலைநாளில் நாளொன்றுக்கு 120 பேர். பாதிப் பேருக்கு மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் அது 80 ஆகக் குறையும். நோயாளிக்கும் கூலி இழப்பு மிச்சம்.

ஆலோசனை ஏட்டில்தான் ஏமாற்றம். கேட்பது, அறிவுரை சொல்வது, தயார்நிலையை அறிவது, உதவுவது, அடுத்த சந்திப்பை ஏற்பாடு செய்வது என்ற ஐந்து படி உரையாடல் நல்லதுதான், சில நிமிடங்களில் முடியும். புகையிலைக்கு அது பொருந்துகிறது. உப்புக்கு அவ்வளவாகப் பொருந்தாது: பொட்டலத்தில் வரும் உணவில் இருக்கும் உப்பை வீட்டில் இருப்பவர் எப்படிக் குறைப்பார்? நோய் வந்தவர் நிலையத்துக்குள் நுழைந்த பிறகு தொடங்கும் கருவி இது. நோயே வராமல் தடுக்கும் வேலையில் பெரும் பகுதி வெளியே கிடக்கிறது. அதற்குத் துணைத் தொகுப்புகள் உண்டு: புகையிலைக்கு 2008இலிருந்து எம்பவர், உப்புக்கு ஷேக், மாறுபக்கக் கொழுப்புக்கு (டிரான்ஸ் ஃபேட்) 2018இல் வந்த ரீப்ளேஸ். வரி, சட்டம், பொட்டல அடையாளம் என்று அவை பேசுவதெல்லாம் அரசின் மேல்மட்டத்தில் முடிவாகும் விஷயங்கள். உங்கள் திட்ட ஆவணத்தில் அவற்றுக்குத் தனிப் பகுதியும் தனிப் பொறுப்பாளரும் வையுங்கள். நிலையச் செவிலியரின் தலையில் அதையும் கட்டாதீர்கள்.

நாட்பட்ட நுரையீரல் நோயும் புற்றுநோயும் இந்தத் தொகுப்பில் இல்லை. அவை உங்கள் பகுதியில் பெரிய சுமை என்றால், முக்கியத் தொற்றா நோய்களுக்கென அதே நிறுவனம் வெளியிட்ட பென் (PEN) தொகுப்பின் 2020 பதிப்பையும் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே ஆண்டில் தொடங்குவது நல்லதல்ல. ரத்த அழுத்தப் பதிவேடு இரண்டு காலாண்டு ஒழுங்காக ஓடி, வராதவர் பட்டியல் வாராவாரம் கைக்கு வந்துசேரும் நிலைக்கு வந்தபின், அதே பதிவேட்டில் சர்க்கரை நோய்க்கான பத்திகளைச் சேருங்கள். வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மி.கி.க்குக் கீழே என்பது அங்கே கட்டுப்பாட்டு அளவு. சர்க்கரைப் பரிசோதனைப் பட்டைகளையும் மருந்தைப் போலவே நோயாளி எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டு வாங்குங்கள். அவை தீர்ந்துபோகும் வாரத்தில் அந்தப் பத்திகள் வெறுமையாகவே நிற்கும்.