அப்பர் ரூம் தியான இதழுக்கு வாலிபர்கள் எழுதலாமா? அதன் எழுத்து வழிகாட்டி பற்றி

வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னால் மூன்று நிமிடம் தங்குதடையின்றிப் பேசுகிற பிள்ளை, அதையே தாளில் எழுதச் சொன்னால் ஒரு பிரசங்கத்தை எழுதிக்கொண்டு வரும். நடந்த சம்பவம் இரண்டு வரியில் ஓடிவிடும். மீதியெல்லாம் வசனமும் அறிவுரையும்தான். இந்தப் பழக்கத்தை மாற்ற அப்பர் ரூம் இதழ் தன் எழுத்தாளர்களுக்குத் தரும் வழிகாட்டி நன்றாக உதவுகிறது. இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. வாலிபர்களுக்கென்று தயாரித்ததல்ல என்பதால் சில இடங்களில் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து உதவ வேண்டும்.

மேல்வீட்டறை என்று பொருள்படும் பெயரோடு 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய தினத்தியான இதழ் இது. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தது, நாஷ்வில் நகரிலிருந்து வருகிறது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ், முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில். தியானங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாசகர்களே. போதகராகவோ பெயர்பெற்ற எழுத்தாளராகவோ இருக்கத் தேவையில்லை. ஆகவே கிராமத்துச் சபைப் பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு.

ஒரு நாளுக்கு ஒரு பக்கம். தலைப்பு, வாசிக்க வேண்டிய வேதபகுதி, ஒரு வசனம், சொந்த அனுபவம், சிறு ஜெபம், அன்றைய சிந்தனையாக ஒரு வரி, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று இரண்டு மூன்று சொற்கள். மொத்தமே ஏறக்குறைய 300 ஆங்கிலச் சொற்கள். தமிழில் முதலில் எழுதிப் பிறகு ஆங்கிலமாக்குகிறவர்கள் 200 முதல் 220 சொற்களில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வேற்றுமை உருபும் துணைவினையும் நம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், தமிழில் 300 எழுதினால் ஆங்கிலத்தில் 400-ஐத் தாண்டிவிடும். பிறகு அவசரமாக வெட்டும்போது பெரும்பாலும் போவது சம்பவம்தான், அறிவுரை அப்படியே நிற்கும். சம்பவத்துக்குப் பாதிக்குமேல் இடம் ஒதுக்கிவிட்டு மற்றதைப் பிரித்துக்கொள்வது பாதுகாப்பு.

வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தடைகள். பாட்டு, கவிதை, சொல்விளையாட்டு எதுவும் கூடாது. காரணம் நேரானது: அவற்றை மொழிபெயர்க்க முடியாது. நம் பிள்ளைகளை இந்த ஒரு விதியே பாதி திருத்திவிடும். "அழைத்தார், அணைத்தார், அனுப்பினார்" என்று மூன்று தலைப்பு போட்டு எழுதுவது பிரசங்க மேடையிலிருந்து தொற்றிய பழக்கம். அந்த அகர ஓசையை எடுத்துவிட்டால் மூன்றிலும் தனித்தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

சபைச் சொற்களுக்கும் இதே சோதனைதான். "கர்த்தர் என்னோடு இடைப்பட்டார்", "ஆத்தும பாரம் உண்டானது", "வசனம் என்னைத் தொட்டது" போன்றவற்றைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்த நேரத்தில் என்ன நடந்தது? இடைப்பட்டார் என்றால், எங்கே இருந்தாய்? பேருந்திலா, விடுதி மாடியிலா? அழுதாயா, போனை எடுத்து யாரையாவது கூப்பிட்டாயா, மறுநாள் எதை வேறு மாதிரிச் செய்தாய்? வரும் பதிலை அந்தச் சொல் இருந்த இடத்தில் எழுதச் சொல்லுங்கள். இந்தச் சொற்கள் பொய்யானவை அல்ல. ஜெபத்தில் அவற்றுக்கு இடமிருக்கிறது. ஆனால் வேறொரு நாட்டில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறவருக்கு அவை எந்தக் காட்சியையும் தராது.

முதல் நாளே எழுத விடாதீர்கள். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் மூன்று நிமிடம் சொல்லட்டும், மற்றவர் போனில் பதிவு செய்யட்டும். கேட்டவர் "அப்புறம்?" என்று எந்த இடத்தில் கேட்டாரோ, தியானம் அங்கேதான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் வருகிற குடும்ப அறிமுகம், ஞானஸ்நானம் எடுத்த வருடம், சபையின் பெயர் எல்லாம் வேண்டாம். இரண்டாம் நாள் பதிவைக் கேட்டுக்கொண்டே சம்பவத்தை மட்டும் எழுதட்டும். வசனம் மூன்றாம் நாள். வசனத்தை முதலில் வைத்தால், அதற்கு ஏற்றபடி அனுபவத்தைப் பிள்ளை வளைத்துவிடும்.

வசனத் தேர்வில் தவறு நடக்கும் இடமும் தெரிந்ததுதான். தேர்வில் தேறிய பிள்ளை எரேமியா 29:11-ஐக் கொண்டுவரும். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய நிருபம் அது, எழுபது வருஷம் நிறைவேறிய பின்பு என்கிறது. எழுபது வருடக் காத்திருப்பையும் மூன்று மணி நேரத் தேர்வையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகும் அதே வசனம் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் பிள்ளை தானே வேறொன்றைத் தேடிப்போகும். ஒரு தியானத்துக்கு ஒரு வசனம் போதும். எந்த மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தது என்பதையும் குறிக்க வேண்டும்.

உதவுகிற அக்காவோ அண்ணனோ பேனாவைக் கையில் எடுக்கக் கூடாது. ஒரு பிரதிக்கு மூன்று கேள்விகள் மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். வாக்கியத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்த பிரதிகளை உடனே அடையாளம் காணலாம்: பதினாறு வயதுப் பிள்ளை நாற்பது வயது ஊழியக்காரரைப்போல் பேசும்.

இனி குறைகள். ஒரே பக்கத்தில் முடிக்க வேண்டியிருப்பதால் எல்லாச் சம்பவமும் நல்லபடியாக முடியவேண்டும் என்ற அழுத்தம் தானாக வந்துவிடுகிறது. ஜெபித்தும் அம்மா பிழைக்கவில்லை என்ற பிள்ளை தன் அனுபவம் எழுதத் தகுந்ததல்ல என்று ஒதுங்கிக்கொள்ளும். அந்தப் பிள்ளையோடு 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறுதல் ஒன்றும் சொல்லாமலே முடிகிற சங்கீதம் அது. இன்று எந்த இடத்தில் நிற்கிறாயோ அங்கேயே முடிக்கலாம், இல்லாத சமாதானத்தை வரவழைத்து எழுத வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, காலம். இதழ் ஒரு வருடத்துக்கும் மேலாக முன்கூட்டியே தயாராகிறது. கிறிஸ்துமஸ் தியானத்தை நவம்பரில் அனுப்பிவிட்டு அந்த டிசம்பரிலேயே தேடக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் எழுதியது, தேர்வானாலும், கல்லூரிக்குப் போன பிறகுதான் வரும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். தியானத்தின் கீழே எழுதியவர் பெயரும் ஊர்ப்பக்கமும் அச்சாகும். அப்பாவின் குடியைப் பற்றி எழுதினால் அந்த அப்பா யாரென்று சொந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேறு மதக் குடும்பத்திலிருந்து சபைக்கு வருகிற பிள்ளைக்கு இது வீட்டில் பெரிய பிரச்சினை ஆகலாம். பல மொழிகளில் அச்சாகிப் போனதைத் திரும்பப் பெற முடியாது. கதையில் வருகிற ஒவ்வொருவரிடமும் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அறியாமல் அனுப்பவே வேண்டாம். சம்மதம் கேட்பதே பிள்ளைக்கு ஆபத்து என்றால் அந்த எழுத்து நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். எழுதும்போது தனக்கு யாரோ தீங்கு செய்வதைப் பிள்ளை வெளிப்படுத்தினால், அதன் பிறகு அது திருத்த வேண்டிய பிரதி அல்ல. தாளை வைத்துவிட்டுப் பிள்ளையைக் கவனியுங்கள். இந்தியாவில் சிறுவர் உதவி எண் 1098.

பல சபைப் பிரிவினரும் வாசிக்கிற இதழ் என்பதால் மற்றச் சபையைத் தாழ்த்தும் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. "முன்பு பெயர்க் கிறிஸ்தவளாக இருந்தேன்" என்று எழுதி, அதோடு பழைய சபையின் பெயரையும் சேர்ப்பது இந்த வகைதான்.

அனுப்பும் முன் இன்னொன்று. வேறெங்கும் பிரசுரமானதை இவர்கள் ஏற்பதில்லை. நன்றாக வந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் சபை ஆண்டுமலரில் முதலில் போட்டுவிட்டால் இங்கே வழி அடைபட்டுவிடும். பிரதியின் மேல் மூலையில் அனுப்பிய தேதியை எழுதி வையுங்கள். பதில் தெரியும்வரை அந்தப் பிரதி வேறு எங்கும் போகக் கூடாது. மலருக்கு அதே பிள்ளையை வேறொரு சம்பவத்தை எழுதச் சொல்லலாம்.