பூ ரைல்ஸ் வாங்கமுதல் ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள்

அப்பப்பாவின் வீட்டில் இருந்ததுபோல விறாந்தைக்குப் பூப்போட்ட சீமெந்து ரைல்ஸ் பதிக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, யாழ்ப்பாண நகருக்கு வெளியே ஒரு கடைக்குப் போனேன்.

"கையால செய்தது தம்பி, தமிழ்நாட்டு ஆத்தங்குடிக் கல்லு மாதிரி. பேரப்பிள்ளையள் காலத்துக்கும் கிடக்கும்" என்று கடைக்காரர் ஒரு கல்லைக் காட்டினார். காவியும் கரும்பச்சையுமாக அருமையான கல். எங்கள் விறாந்தை 20 அடிக்கு 8 அடி. எட்டு அங்குலக் கல், உடைவுக்கும் சேர்த்து 380. ஒன்று 450 ரூபாய்ப்படி 1,71,000 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். காட்டிய கல்லைக் கேட்டேன். "அது ஒண்டுதான் கிடக்கு, தர ஏலாது" என்றார். அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும்.

மாரி மழை தொடங்கியது. மார்கழிக்குள் வாசலில் இருந்து குசினி வரைக்கும், நாங்கள் நடக்கும் வழியில் மட்டும் பூ அழிந்து சாம்பல் நிறத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை தெரிந்தது. மிஞ்சிக் கிடந்த ஒரு கல்லைச் சுத்தியலால் உடைத்தேன். விளிம்பில் நிறம் நகப்பூச்சு அளவுக்குத்தான் இருந்தது. திறப்பால் சுரண்ட, தோல்போல உரிந்து வந்தது. வெறும் சீமெந்துக் கல்லின் மேல் அச்சு வைத்துப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள்!

உண்மையான ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் தகட்டு அச்சை வைத்து, அறை அறையாக நிறச் சீமெந்துக் குழம்பை ஊற்றி, அதன்மேல் சீமெந்தும் மணலும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்து இறுக வைப்பார்கள். நிறம் சில மில்லிமீற்றர் ஆழத்துக்கு இருக்கும். அதனால்தான் வருசக்கணக்காக நடந்தாலும் பூ போகாது.

காற்று வரட்டும் என்று மேற்குப் பக்கச் சுவருக்கு வாங்கிய, ஓட்டை ஓட்டையான சீமெந்துப் பூக்கல்லும் அதே கடைதான். விரலால் தேய்த்தால் மணல் கொட்டுகிறது. சீமெந்தைக் குறைத்து, தண்ணீர் விட்டு இறுகவும் விடாமல் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கல்லின் அழகில் எனக்குத் தனிப் பிரியம். 1959 இல் டெல்லியில் திறந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு கட்டடக் கலைஞர் எட்வர்ட் டுரெல் ஸ்டோன் சுற்றிவர இப்படியான ஓட்டைச் சுவர்தான் வைத்தார். எங்கள் வெயிலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று. புதுச் சீமெந்துக் கல்லில் வெள்ளைப் படலம் பூப்பது வழமை, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அசிட் ஊற்றிக் கழுவச் சொன்னால் கேட்காதீர்கள், சீமெந்தையே அது தின்றுவிடும். எனக்கு அந்தக் கடையில் அசிட் ஊற்றத்தான் சொன்னார்கள்.

காசு கொடுக்க முதல் கடையிலேயே ஒரு கல்லை விலைக்கு வாங்கி உடையுங்கள். உடைக்க விடாத கடையில் வாங்காதீர்கள். கல்லின் வகை, அளவு, எண்ணிக்கை எல்லாம் பில்லில் இருக்கட்டும். ஏமாந்துபோனால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நான் கல்லை உடைத்துப் பார்த்தபோது நாலாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

அழிந்த இடத்தின் மேல் அம்மா பாய் விரித்து வைத்திருக்கிறார்.